ஸ்டோர் ஓடுகிற சத்தம்

அம்மிணி,

நேற்று அருவங்காட்டில் ஒரு காதுகுத்து. மைக் செட் நம்முடையதுதான். இப்போது மருமகன்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். நான் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் எங்கேயோ எர்த் ஒயர் கழன்றுவிட்டது. ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் 'ம்ம்ம்' என்று இழுக்க ஆரம்பித்தன. மருமகன் ஓடினார். "இருங்க மாப்ள, ஒரு நிமிசம் அப்படியே உடுங்க," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த இரைச்சலை ஒழிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான், அவர் பார்த்ததில் தப்பில்லை. ஒரு நிமிடம் ஆவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாம்பார் வாளியோடு வந்த ஆள், "ஏனுங்க, புகை பட்டுருச்சுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ போன பிறகு உன்னிடம் பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள்ளேயே பேசித் தீர்த்துவிட்டதாக நினைத்திருந்தேன். தீரவில்லை போலிருக்கிறது. அதனால்தான் இன்று கடையைத் திறந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். வெளியே குன்னூர் முழுக்கப் பனிமூட்டம். எதிர்க்கடையே தெரியவில்லை, யாரும் வந்து தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

உன்னை முதலில் பார்த்தது உங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில். மெல்லிசைக் குழு ஒன்றுக்கு நான் மைக் செட் கட்டியிருந்தேன். பாட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்று, கொழுந்து பறிக்கிறவர்களில் இருந்து உன்னைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ ஆணுடைய ஸ்வெட்டர், தலையில் கனகாம்பரம். மைக்கை உதட்டோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றாய்.

"மைக்கைத் திங்காத அம்மிணி, கொஞ்சம் தள்ளிப் புடி," என்றேன்.

"பசிக்குதுண்ணே," என்றாய், மைக்கிலேயே.

கூட்டம் சிரித்தது. பிறகு நீ பாடினாய், சிரிப்பு நின்றது. உன் குரல் தேன் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கரகரப்பு, அடியில் ஒரு கனம். மேலே போகும்போது எங்கே உடைந்துவிடுமோ என்று கேட்கிறவனுக்குப் பயம் வரும், ஆனால் உடையாது. சினிமாப் பாட்டைப் பாடினாலும் உன் வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நீ சும்மா இருந்தாயா? இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் நீயே கட்டிய பாட்டு ஒன்றைச் செருகிவிடுவாய். சிலோனிலிருந்து சின்னப் பிள்ளையாக இங்கே வந்து இறங்கியதைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தாய்.

*கப்பல விட்டு எறங்கையில கையில ஒரு பெட்டி*
*பெட்டிக்குள்ள என்னடின்னா பொறந்த ஊரு மண்ணாங்கட்டி*

இதைக் கும்மாளமாகப் பாடுவாய். கப்பலில் உன்னோடு வந்த பெரியவர்கள் சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைப்பார்கள். எந்த நேரத்தில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "கொழுந்து கிள்ளுறப்ப கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதானே கெடக்கு," என்றாய்.

அந்தச் சும்மா கிடந்த வாயைத் தேடிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். அம்மன் பாட்டு கேசட் போடுகிறேன் என்று உன்னைக் கூட்டிப்போய், நீ கட்டிய பாட்டுகளைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டார். நீ ஊரெல்லாம் சொல்லி வைத்தாய். மாதங்கள் கழித்து நீயும் நானும் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கேசட் கடையில் உன் பாட்டு கேட்டது. உன் மெட்டு, உன் வார்த்தை. குரல் வேறு ஒரு பெண்ணுடையது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உன் பெயர் எங்கும் இல்லை. கடைக்காரரிடம் நான் சண்டைக்குப் போக, நீ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாய்.

"நல்லாத்தான் பாடியிருக்கா அந்தப் புள்ள. விடுங்கண்ணே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அடுத்த திருவிழாவுக்கு நீ மேடைக்கு வரவில்லை. ஆள் அனுப்பினேன், பிறகு நானே உன் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்தேன். "என் பாட்டுதான் ஊரெல்லாம் பாடுதே, நான் வேற எதுக்கு?" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாய். எனக்கு ஆத்திரமாக வந்தது, உன் மேல்தான். வாயைப் பூட்டிக்கொள்கிற அளவுக்கு என்ன ரோஷம் என்று இறக்கம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் உன்னைச் சந்தையில் பார்ப்பதோடு சரி. உனக்குக் கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள். பறிக்கிற வேலையிலிருந்து உன்னை ஃபேக்டரிக்குள் மாற்றினார்கள். நீங்கள் அதை ஸ்டோர் என்றுதான் சொல்வீர்கள், சிலோன் பழக்கம். பாட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, நீயும் பேசவில்லை. வருடங்கள் அப்படியே போய்விட்டன.

பிறகு தேயிலை விலை விழுந்தது. முதலில் யாரும் நம்பவில்லை, மழைக்காலத்தோடு சரியாகிவிடும் என்றார்கள். மழை வந்து போனது, விலை வரவில்லை. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பு உயரத்தில் நிற்க வேண்டிய செடி ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. தேயிலைப் பூவை அதற்கு முன் நான் அவ்வளவு பார்த்ததில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேன் வைத்து ஆள் ஏற்றிக்கொண்டு போனார்கள். உங்கள் ஸ்டோரையும் மூடினார்கள். அதன் பிறகுதான் ஒருநாள் மத்தியானம் நீ என் கடைப் படியேறி வந்தாய்.

"ஸ்டோரு மூடிட்டாங்கண்ணே."

"தெரியும் அம்மிணி. ஊரே அதைத்தான பேசுது. பொழப்புக்கு என்ன பண்றீங்க?"

"அவரு திருப்பூர் போயிட்டாரு, மகளும் கூடப் போயிருச்சு. வேலை போனது போகட்டும்ணே. அந்தச் சத்தமும் போயிருச்சு."

எந்தச் சத்தம் என்று எனக்குப் புரியவில்லை. நீதான் விளக்கினாய். பறித்து வந்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, ஈரம் போகப் பெரிய காற்றாடிகளை வைத்து வாட்டுவார்கள். உனக்கு அந்தத் தொட்டிகளில்தான் வேலை. இராப்பகலாக ஓடும் காற்றாடிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் நின்றுகொண்டு நீ பாடியிருக்கிறாய். அதையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு, கொழுந்தைப் பரப்பிக்கொண்டே, புதுப் பாட்டுகளாகக் கட்டிப் பாடியிருக்கிறாய், இத்தனை வருடமும்.

"ஒருத்தருக்கும் கேக்காதுல்ல. அதனாலதான் பாடினேன்," என்றாய்.

பூட்டிய வாய் என்று நான் திட்டிக்கொண்டிருந்த வாய் ஷிப்டு ஷிப்டாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது, சொந்தக் காதுக்கே முழுசாக எட்டாமல்.

"இப்ப வீட்ல உக்காந்து வாயத் தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. எனக்கு அந்தச் சத்தம் வேணும்ணே. உங்ககிட்டதான் எல்லாச் சத்தமும் இருக்கே."

"இப்ப எதுக்கு அம்மிணி அதெல்லாம்?"

"ஆளுங்க முன்னால பாடணும். என் பாட்ட என் வாயால ஒரு தடவையாச்சும் பாடிரணும். இல்லாட்டி அது என்னோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போயிரும்."

சொல்லி முடிப்பதற்குள் இருமினாய். தேயிலைத் தூசி, ஸ்டோர்க்காரர்களுக்கெல்லாம் இருக்கிறதுதான் என்றாய். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆர்மோனியத்தை எடுத்து வைத்தேன், இது வேற என்றாய். சுருதிப் பெட்டியைப் போட்டேன், இது கோயில்ல கேக்குறது என்றாய். பழைய டேபிள் ஃபேனைக்கூட ஓடவிட்டேன். அதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்து, "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எழுந்து, ரிப்பேருக்கு வந்திருந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இழுத்துச் செருகினேன். அதில் எர்த் இல்லை. பெட்டி 'ம்ம்ம்' என்று அடித்தது. பாய்ந்து நிறுத்தப் போனவனை நீ தடுத்தாய்.

"இதுதாண்ணே. இதேதான்."

யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியமில்லை. காற்றாடி மோட்டாரும் என் பெட்டியும் ஒரே கரண்டில் ஓடுகிறவை, கரண்டுக்கு ஒரே குரல்தான். நீ கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு மெதுவாக, ஒயரும் வால்வும் சிதறிக் கிடந்த என் கடைக்குள், பாடினாய். குரல் இன்னும் அடியில் இறங்கியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல் நின்றபடியே கேட்டார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை என் மகள் கல்யாணத்தில்கூடப் படவில்லை. இதை மருமகனிடம் சொல்லிவிட முடியாது.

அந்த வருடம் உங்கள் எஸ்டேட்டில் திருவிழாவே வேண்டாம் என்று பேச்சு. கடைசியில் பொங்கல் மட்டும் வைத்துச் சாமி கும்பிட்டுக்கொள்வது, பாட்டுக் கூத்து கிடையாது என்று முடிவானது. நீ போய் நான் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். நான் செட்டோடு வந்தேன்.

கோயில் உங்கள் ஸ்டோர் மதிலை ஒட்டி இருந்தது. லைன் வீடுகள் மேட்டில், வளைவுக்கு அந்தப் பக்கம். பொழுது சாய்கிற நேரம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் வைக்க வந்த கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள், மற்றவர்கள் வீட்டை விட்டே வரவில்லை. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று பெட்டிகளை மேட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். நீ மைக் முன்னால் வந்து நின்று தலையாட்டினாய். எர்த்தைக் கழற்றிவிட்டேன். அந்தச் சத்தம் மேடு முழுக்கப் பரவியது. நீ கண்ணை மூடி, பாட்டு ஆரம்பிக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு நின்றாய்.

முதலில் செல்லம்மாக்காதான் வந்தாள், உன்னோடு தொட்டியில் வேலை பார்த்தவள். வேலைக்குக் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். அவள் பின்னால் பெண்கள் வந்தார்கள், நடந்துகொண்டே தலையில் துணியைச் சுற்றினார்கள். ஸ்டோரில் மோட்டார் பார்க்கிற ராமையா காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வந்தார். யாரும் கோயில் பக்கம் திரும்பவில்லை. எங்களைத் தாண்டி நேரே ஸ்டோர் கேட்டுக்குப் போனார்கள். கேட்டில் சங்கிலியும் பூட்டும் அப்படியே இருந்தன. ராமையா பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு என்ன நடக்கிறதென்று புரிந்தது. நீ கண்ணைத் திறந்தபோது அவர்கள் எல்லோரும் திரும்பி உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஸ்டோரு ஓடுதுன்னு வந்தோம்டி," என்றாள் செல்லம்மாக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

கோபம் ராமையாவுக்கு வந்தது. "எவன்டா பண்ணின வேலை இது? வெளையாட வேற எடம் கெடைக்கலியா உங்களுக்கு?" என்று என் பக்கம் வந்தார்.

நீ மைக்கிலேயே பேசினாய். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. நான்தான் கேட்டேன்." பிறகு என்னிடம், "அண்ணே, அதை நிப்பாட்டிருங்க."

"நிப்பாட்டினா எப்படிப் பாடுவ அம்மிணி?"

"தெரியல. நிப்பாட்டுங்க."

எர்த்தைச் செருகினேன். சத்தம் அறுந்து விழுந்தது. ஸ்டோர் மூடிய அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். நீ வாயைத் திறந்தாய், காற்றுதான் வந்தது. இருமினாய். மறுபடி ஆரம்பித்தாய், முதல் வார்த்தையிலேயே சுருதி விலகி நிறுத்தினாய். இத்தனை பேர் முன்னால் இவள் தோற்றுப்போய் நிற்கப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் எடுத்தாய்.

*எழுப்பாதே எழுப்பாதே எங்க வீட்டுச் சேவலே*
*போறதுக்கு வேலையில்ல, பொழுது மட்டும் விடியுதே*

பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் பாடினாய். குரல் உடைந்தது, இந்தத் தடவை நிஜமாகவே உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மேலே கொண்டுபோனாய். யாரும் தலையில் சுற்றிய துணியை அவிழ்க்கவில்லை, கேட்டை விட்டு நகரவும் இல்லை. ராமையா இருந்த இடத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்து, முகத்தைக் காக்கிச் சட்டைக் கையால் மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தது.

"இன்னொருக்கா பாடு," என்றாள் செல்லம்மாக்கா.

பாடினாய். பிறகு இருட்டுகிற வரைக்கும் பாடினாய். காற்றாடிக்குள் ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாய். நான் மைக்கின் சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் கைக்கு அன்றைக்கு வேலையே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த இரைச்சல் வேண்டும் என்று நீ கேட்கவே இல்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாய். கேத்தியில் தோட்டக்காரர்களின் உண்ணாவிரதப் பந்தல், வளைகாப்பு, ஆள் குறைந்துபோன லைன்களின் அம்மன் கோயில்கள். சினிமாப் பாட்டு கேட்டால், "அதுக்கு வேற ஆள் இருக்காங்க" என்று சிரித்துவிட்டு உன் பாட்டைத்தான் பாடினாய். பதிவு பண்ணி வைக்கலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "வேணாம்ணே, மூஞ்சியப் பாத்துப் பாடினாத்தான் எனக்குப் பாடின மாதிரி இருக்கு" என்று தட்டிக்கழித்தாய். உனக்குக் கிடைத்தது சொற்ப காலம். அதில் இருமல் பாதியைத் தின்றது. கடைசியில் ஒரு பல்லவிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நீ மூச்சு வாங்குவதைக் கேட்கிறவர்கள் பாட்டின் பகுதி என்றே நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். மூக்கில் குழாய். பக்கத்தில் உன் மகள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேசட்டுக்காரன் மட்டும் கையில் கிடைத்தால் என்று நான் எதையோ ஆரம்பித்தேன். நீ கையை அசைத்து நிறுத்தினாய்.

"யாராச்சும் பாடிட்டுப் போகட்டும்ணே. யாரு பாட்டுன்னு கேட்டா மட்டும் என் பேரச் சொல்லுங்க. கேக்கலேன்னா விட்ருங்க. நீங்களாப் போய்ச் சண்ட போடாதீங்க."

சரி என்றேன். வேறு எதையும் நீ என்னிடம் கேட்டதில்லை.

இழவு வீட்டுக்கும் மைக் செட் வைப்பது வழக்கம். உன் வீட்டுக்கு நான் வைக்கவில்லை. எதைப் போடுவது? உன் பாட்டு என்னிடம் இல்லை, இன்னொருவர் பாட்டை அன்றைக்குக் கேட்க எனக்குத் தெம்பும் இல்லை. வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு திரும்பினேன் அம்மிணி. அந்த வருத்தம் இன்றைக்கும் ஆறவில்லை.

போன பொங்கலுக்கு முந்தின நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறிவந்தேன். பின் சீட்டில் திருப்பூரிலிருந்து லீவுக்கு ஊர் திரும்புகிற பெண்கள். எல்லாம் நீ போன பிறகு பிறந்த வயசு. ஒருத்தி ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். உன் சேவல் பாட்டு. 'போறதுக்கு வேலையில்ல' என்பதை 'தூங்குறதுக்கு லீவில்ல' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள், களவாணிக் கழுதைகள். பொழுது மட்டும் அப்படியே விடிந்தது. மெட்டு ஒரு இடத்திலும் பிசகவில்லை. டிரைவர்கூடத் தன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், யார் பாட்டு என்று இவர் கேட்பார் என நினைத்தேன். கண்டக்டர் "நல்லாருக்கே" என்றார், அவராவது கேட்பார் என்று நினைத்தேன். உன் பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

குன்னூரில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை அம்மிணி.